இருபத்துநாலு வோல்ற்

நெல்லியடிச் சந்தியிலிருந்து
எழுநூற்றைம்பதாம் பஸ்ஸில்
மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் ஜெயந்தினி,
இரத்தம் பரிசோதிக்கும் கடையின் சுழலியை.
எட்டுக் குழாய் பிடிக்கும். வயது முப்பத்தாறு.
"கத்துது, மணக்குது, பிறகு நிக்குது."
நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல
மூன்றே சொல்.

திறந்தேன். எங்கும் காபன் தூள்.
பிரஷ் இரண்டும்
வெட்டிப்போட்ட நகத்தளவு மிச்சம்.
செம்புப் பட்டையில் வரிவரியாய்க் கறுப்பு.

பிரஷ் இல்லாத மோட்டர் போடுவோம் என்றேன்.
"அப்ப கரண்ட் என்னத்தால போகும்?"
என் மேசைக்கு வருபவர்கள்
விலையைத்தான் கேட்பார்கள்; இவள் இதைக் கேட்டாள்.
சுருள் அசையாது, காந்தம்தான் சுற்றும்,
எந்தச் சுருளுக்கு எப்போதென்று
ஒரு சின்னப் பலகை முடிவெடுக்கும்.
தேய்வதற்கு பெயரிங் மட்டும்.

பிறகு இரண்டு நாள் அளவெடுப்புத்தான்.
அடித்தட்டுக்கும் கிண்ணத்துக்கும் இடையில்
எழுபத்திரண்டு மில்லிமீற்றர்.
கொழும்புக் கடைக்காரன் போனில்
அறுநூறு வாட் இருக்கு, தரட்டோ என்றான்.
சைக்கிளுக்கு லொறி எஞ்சின்.
தம்பி, நான் கேட்டது பலம் இல்லை, உயரம்.

கடைசியில் நூறு வாட், நாலாயிரம் சுற்று,
உள்ளங்கையில் அடங்கும் ஒன்று வந்து சேர்ந்தது.
அச்சு எட்டு, துளை பன்னிரண்டு.
கொக்குவில் அருமைத்துரையின் லேத்தில்
பித்தளையில் ஒரு புஷ்.
மயிரிழை பிசகினாலும்
நாலாயிரத்தில் அது நடுக்கம்.

பவர் சப்ளை சின்ன விசயம் என்றிருந்தேன்.
இருபத்துநாலு வோல்ற், ஐந்து அம்பியர்,
பின்னேரம் ஊர்க் கரண்ட் படுத்தாலும் தாங்கும்.
கணக்குச் சரி.
போட்டதும் டிக். அணைந்தது. மறுபடி டிக்.
ஓடுகிறதுக்கு வேண்டியதைப்போல நாலு மடங்கு
நிற்கிறதை எழுப்ப வேண்டும்.
விடிய என்னை எழுப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.
நாற்பது விநாடி ஏற்றம் வைத்தேன்.
மெல்ல ஏறியது.
சத்தமே இல்லை.

நிறுத்து என்றேன்.
அங்கேதான் வந்தது வினை.
சுழன்ற வேகத்தையெல்லாம் மின்னாக்கி
வந்த வழியே திருப்பி அனுப்பியது மோட்டர்.
மீற்றரில் இருபத்தாறு, முப்பது, முப்பத்தாறு.
சப்ளை கண்ணை மூடிக்கொண்டது.
கொடுக்க மட்டுமே கட்டியது அது.
வாங்கத் தெரியாது.

அந்த வியாழக்கிழமைதான் றெஜினோல்ட் வந்தான்,
ஒன்பது வருசத்துக்குப் பிறகு,
பதினெட்டாயிரம் ரூபாய், கடதாசி உறையில்.
"உன்ர கணக்கு."
இப்ப என்னத்துக்கு என்றேன்,
தேத்தண்ணி குடி என்றேன்,
மழையைப் பற்றி, மீன் விலையைப் பற்றி,
கேட்காத கதையெல்லாம் சொன்னேன்.
அவன் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

ஐம்பது வாட் ரெசிஸ்ரர் ஒன்று,
அலுமினிய உடம்பு, பின்பக்கம் பூட்டினேன்.
இருபத்தெட்டைத் தாண்டினால் மட்டும்
அதன் வாசல் திறக்கும்.
திரும்பி வருவதெல்லாம்
அதில் சூடாகிப் போகும்.
பிளாஸ்ரரில் எழுதி ஒட்டினேன்: சுடும், தொடாதே.

ஜெயந்தினி வந்தாள். போட்டுக் காட்டினேன்.
"ஓடுதா?"
மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.
"ஒரு லைற் வையுங்கோ.
சத்தமில்லாட்டி நான் மறந்து திறந்துபோடுவன்."
நான் யோசிக்காதது.
சிவப்பில் ஒன்று வைத்தேன்.
பத்து நிமிடத்தில் குழாய்க்குள்
சிவப்பு கீழே,
மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவு.
யாருடைய இரத்தமோ.

முப்பத்தோராயிரம் எண்ணித் தந்தாள்.
எண்ணி வாங்கினேன், கை கூசவில்லை.
அந்த உறைதான்
இன்னும் லாச்சிக்குள் கிடக்கிறது,
பழைய காபன் பிரஷ் இரண்டுக்கும் கீழே.