குர்லாவுக்கு அடுத்த ஸ்டேஷன்

முலுண்டில் மூன்றாம் மாடி.
குல்கர்ணி மேடத்தின் படுக்கையறைச் சுவரில்
ஆப்பிரிக்கா வடிவத்தில் ஓர் ஈரக்கறை.
மூன்று தரம் பெயின்ட் அடித்தாயிற்றாம்.
மழைக்கு மழை திரும்பி வருகிறதாம்.

சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டித் தட்டிக் கேட்டேன்.
பொள்ளல் சத்தம் ஜன்னல் வரைக்கும் போனது.
"தண்ணீர் நுழையிற இடம் வேற மேடம்,
கறை காட்டுற இடம் வேற.
இங்க கொத்திப் பிரயோஜனமில்ல."
இருபத்திரண்டு வருஷமாக
எல்லா வீட்டிலும் ஒப்பிக்கிற வசனம்,
எனக்குத் தெரிந்த இந்தியில்.
சொல்லி முடித்ததும் வாய் ஏனோ உலர்ந்தது.

போன வாரம் ரமாகாந்தை அடிக்கக் கை ஓங்கினேன்,
நுனி மழுங்கிய ஒரு கொத்துக்கரண்டிக்காக.
அவன் பயப்படவில்லை.
"ஜூலை வந்துட்டா உங்களுக்கு இப்படித்தான் சேட்"
என்று சிமென்ட் குழைக்கப் போய்விட்டான்.

அண்ணன் தனசிங் சயான் ஆஸ்பத்திரியில் இறந்த ராத்திரி
ரயில் ஓடவில்லை.
ஒன்பது வருஷமாக இதைச் சொல்லிவருகிறேன்,
அண்ணியிடம், போதகரிடம்,
ஊரிலிருந்து போன் பண்ணிய அத்தனை பேரிடமும்.
சொல்லச் சொல்ல மழை கனத்தது.
முதல் வருஷம் கணுக்கால் அளவு,
இப்போது தண்டவாளத்துக்கு மேல் இடுப்பளவு.
மிதந்துபோன ஒரு செருப்புகூட ஞாபகமிருக்கிறது,
நீலப் பட்டை வைத்தது.
அதை நான் எங்கே பார்த்தேன்?

உள்ளே ஒரு காண்ட்ராக்டர் இருக்கிறான்.
கொட்டேஷன் கிடையாது, அட்வான்ஸ் கிடையாது.
நாம் தூங்கும்போது வந்து
பூசிவிட்டுப் போகிறான்.
அவனைத் திட்டவும் மனசு வரவில்லை.
அவன் பூசாமல் விட்டிருந்தால்
அந்த முதல் மழைக்காலத்தை நான் தாண்டியிருக்கமாட்டேன்.

திரும்பும் வண்டியில்
குர்லாவில் இறங்கி செம்பூருக்கு மாற வேண்டியவன்
இறங்கவில்லை.
கதவுக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.
சயான் வந்தது.
கடியாரம் பார்த்தேன், நாலு நிமிஷம்.

தூறல்கூட இல்லை அன்று.
வண்டி வந்தது, போனது, இன்னொன்று வந்தது.
நான் குர்லா ஸ்டாலில் நின்று
வடாபாவ் தின்றேன்.
இரண்டு.
பொரித்த மிளகாயைத் தனியாகக் கேட்டு வாங்கி.
அவன் மூக்கில் குழாய் இருக்கும்,
குழாய்க்கு மேலே கண் இருக்கும்,
அந்தக் கண்ணில்
நான் திருப்பித் தராத பணம்
இருக்காது.
அதற்குத்தான் பயந்தேன்.

வீட்டில் ஜெர்லின்
பீன்ஸுக்கு நரம்பு உரித்துக்கொண்டிருந்தாள்.
செருப்பைக் கழற்றாமலே சொன்னேன்:
"அன்னைக்கு ரயில் ஓடுச்சு."

"தெரியும்" என்றாள்.
"சட்டப் பையில பச்சச் சட்னி.
ரெண்டு மட்டம் சோப்பு போட்டேன்,
போகல."

அடுத்த பீன்ஸை எடுத்தாள்.