ழகரத் தட்டுப்பாடு

ரங்கூன், முகல் தெரு, மாடிப்படிக்குக் கீழே அச்சகம்.
புதன்தோறும் ஆவுடைநாயகத்தின் கட்டுரை வரும்.
மரக்கடைக் கணக்காளர். தாளை வீணாக்க மாட்டார்.
தேக்குக் கனஅடிக் கணக்கின் முதுகில்
நம் இனத்தின் வீழ்ச்சி.

தலைப்பு எப்போதும் ஒன்றுதான்,
எண் மட்டும் ஏறும்.
வீழ்ச்சி, பதினாறு. வீழ்ச்சி, பதினேழு
(அந்த எண்ணுக்குள் இன்னொன்று ஒளிந்திருந்தது).
பழமை, ஒழுக்கம், இழிவு, அழிவு,
தமிழ், தமிழ், தமிழ்.
நான்காம் பத்தி முடிவதற்குள்
என் பெட்டியில் ழகர அறை துடைத்துக் கிடக்கும்.

விலைப்பட்டியல் கோர்ப்பவனுக்கு இந்தத் தொல்லை இல்லை.
அரிசி, பருப்பு, கப்பல் வரும் நாள், செட்டியார் வட்டி,
எதிலும் ழ கிடையாது.
பிழைப்பில் ஒன்று உண்டு.
அதையும் அவர் எடுத்துக்கொண்டார்.

போன புதனின் அழிவைக் கலைத்து
ஒரு ழவைப் பிடுங்கி
இந்தப் புதனின் வாழ்வில் வைப்பேன்.
கேலி செய்யவில்லை.
பதினொன்றாம் வீழ்ச்சியில் ஒரு வரி,
ஈயத்தில் இடம்வலமாகப் படித்தபோதே நெஞ்சில் ஏறியது:
"எனக்கு ஊர் இரண்டு என்கிறவனிடம்
சுடுகாடு எந்த ஊரில் என்று கேளுங்கள்."
அன்று கோர்ப்பதை அப்படியே விட்டுவிட்டு
வெளியே போய் ஒரு சுருட்டு முழுதும் பிடித்தேன்.

என் மனைவி பெயர் மா ஹ்லா யின்.
மகள் என்னை அப்பா என்பாள், மீதியெல்லாம் பர்மா பாஷை.
பழம் சொல்லச் சொன்னால் பலம் என்பாள்,
தனக்கா பூசிய கன்னம் வெடிக்கச் சிரிப்பாள்.

இருபத்து மூன்றாம் வீழ்ச்சி கலப்புமணம் பற்றி.
ஆறு பக்கம். எண்ணினேன்: நூற்றுப் பன்னிரண்டு ழ.
கையில் எழுபது.
மதராஸுக்கு எழுதினால் கப்பல், சுங்கம், மழைக்காலம்.
பசுண்டாங் வாய்க்கால் ஓரம்
எழுத்து வார்க்கும் கோ துன்னிடம் போனேன்.
ஒற்றை ழவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இது எப்படிச் சத்தம் போடும்?"
சொல்லிக் காட்டினேன்.
நாக்கு எங்கே மடிகிறது என்று
என் வாய்க்குள் எட்டிப் பார்த்தான்.
மூன்றாம் நாள் ஐம்பது கொடுத்தான். நல்ல ஈயம்.
வால் மட்டும் கொஞ்சம் உருண்டிருந்தது,
வட்டமாகவே எழுதிப் பழகிய கை.

வெள்ளி இரவு, பேய்மழை. புரூஃப் பார்க்க அவரே வந்தார்.
குடையை உதறி, மூக்குக்கண்ணாடி துடைத்து,
கோட்டுப் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி.
வரிவரியாக உதடு அசைந்தது:
"நம்ம பளமை... நம்ம வாள்வு..."
மதுரைப் பக்கத்து நாக்கு.
ஆயிரம் ழ எழுதியவர்
ஒன்றைக்கூடச் சொன்னதில்லை.

நாலாம் பக்கத்தில் நின்றார்.
விரலால் தொட்டார், மை ஒட்டியது.
"இந்த எளுத்து அளகா இருக்கே. மதராஸா?"

ஹ்லா யின் கொடுத்தனுப்பிய தூக்குப்பாத்திரம் திறந்திருந்தது.
அறை முழுக்க நாப்பி வாசம்.
"பசுண்டாங்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நெடுநேரம் மழையைப் பார்த்தார்.
பிறகு பென்சிலை எடுத்து
இரண்டாம் பக்கத்துக் காற்புள்ளி ஒன்றை நீக்கினார்.

அச்சேறியது. ஒரு சொல்லும் மாறவில்லை.
என் வீட்டைப் பற்றி ஆறு பக்கம்,
என் கையே கோர்த்தது, பிரதி ஓரணா.
இரண்டு பிரதி அதிகமாக ஓட்டினேன், ஏனென்று தெரியாது.

அடுத்த புதன் தாள் வந்தபோது
தலைப்பில் எண் மட்டும், இருபத்து நான்கு.
அதற்கு முன்னால் எதையோ எழுதி அடித்திருந்தார்.
விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
பின்பக்கத்துத் தேக்குக் கணக்குதான் ஊடே தெரிந்தது.

பழைய பக்கங்களைக் கலைத்து
அறையில் அள்ளிப் போட்டேன்,
எது மதராஸ் எது பசுண்டாங் என்று பார்க்கவில்லை.
வாழைப்பழ ஏல நோட்டீஸ் ஒன்று
காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தது.