மீதிச் சில்லறை

பசோவிட்சாவில் இன்றிரவு காற்று மணிக்கு நூற்றுப்பத்து.
போரா என்பார்கள் இங்கே அதை,
சொல்லாமல் வந்து நிற்கும் முரட்டு மைத்துனனின் பெயரைச் சொல்வதுபோல.
வெளியே ஒரு குப்பைத்தொட்டி தானாகவே ஊர் சுற்றுகிறது.
உள்ளே, என் எஃகுக் குடத்தில்,
காற்று என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.
பதினோரு நாள் சுட்டு, உறிஞ்சி, துடைத்து
வெறுமையைப் பிடித்து வைத்திருக்கிறேன்.
நான் தூல்லியோ. பம்புக்காரன்.
ஒன்றுமில்லாததற்குச் சம்பளம் வாங்குகிறவன் என்பாள் மனைவி.

நெவென்கா கொண்டுவந்தது நாஃப்தலீன்.
ஆமாம், அலமாரிப் பாச்சை உருண்டையேதான்.
குளிரில் விறைத்த தங்கத் தகட்டின்மேல்
ஆவியாய் விட்டோம். பனிபோல் படிந்தது.
போன வாரமே அதைத் தனித்தனி மூலக்கூறாய்,
வாயுவாய், வேறோர் அறையில் அளந்தாகிவிட்டது.

அளப்பது பெரிய வித்தையில்லை.
ஒளி எண்ணிக் காசு கொடுக்கும்.
எலக்ட்ரான் வாடகைப் பாக்கியைத் தீர்த்துவிட்டு வெளியேறும்.
வாசலில் நிறுத்தி, கையில் மீதி எவ்வளவு என்று பார்ப்போம்.
கொடுத்ததில் மீதியைக் கழித்தால்
எந்த மாடியில் குடியிருந்தது என்று தெரிந்துவிடும்.
எல்லையில் பூட்டிக்கிடக்கும் பழைய சுங்கச் சாவடியிலும்
இதையேதான் செய்தார்கள்,
இத்தனை நேர்மையாக இல்லை.

தனியாய் இருந்தபோது வெளியேறும் விலை எட்டுக்குச் சற்று மேல்.
கூட்டமாய் உறைந்தபின் ஆறரை.
ஒன்றரைக்கு மேல் தள்ளுபடி!
போனது விட்ட ஓட்டையைப் பார்த்து
அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் சாய்கின்றன,
துக்கவீட்டில் நாற்காலியை நெருக்கிப் போடுவதுபோல்,
ஆனால் யாரும் எழுந்திருக்காமல்.

இதுவரை ஊருக்கே தெரியும்.
நெவென்காவின் சொத்து இதற்கப்பால் பூஜ்யம் புள்ளி மூன்று.
படலம் கெட்டியானால் மட்டம் இன்னும் ஆழத்துக்குப் போகிறது:
இரண்டு வருடம் முன்பு அச்சில் வந்தது.
அதற்குப் பெயரும் வைத்திருந்தாள்.
மூன்று மாநாடுகளில் அந்தப் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினாள்.
நன்றி வரியில் நானும் இருக்கிறேன், எழுத்துப் பிழையோடு.

மூன்றேகாலுக்கு,
தூக்கம் போக ஏதாவது பேச வேண்டுமே என்று,
"ஒளியைக் கொஞ்சம் குறைத்தால் என்ன?" என்றேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
பிளவைப் பத்தில் ஒன்றாக மூடினாள்.
சிகரம் நடந்தது.
இன்னும் மூடினாள்.
இன்னும் நடந்தது, மாடு தொழுவத்துக்குத் திரும்புவதுபோல்,
மெல்லிய படலம் காட்டிய அதே இடத்துக்கு.

போனவற்றின் இடத்துக்கு யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.
கெட்டிப் படலத்தின் காலி அறைகள் காலியாகவே கிடந்து
அடுத்துக் கிளம்பியவற்றின் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கின்றன.
கைப்பணம் குறைந்து வந்து சேர்ந்தன.
நாங்கள் அதை ஆழம் என்று எழுதிக்கொண்டோம்.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.
அலுமினியத் தாளைப் பிரித்து
பிரெஸ்னிட்சில் பெரிய துண்டை என் பக்கம் தள்ளினாள்.
வால்நட் பருப்பு பல்லில் சிக்கியது.
"உன் பெயரில் ஒரு எல் விட்டுப்போயிருந்தது,
மறுப்புக் கடிதத்தில் சரியாகப் போடுகிறேன்" என்றாள்.
போடாமல் விட்டாலும் பரவாயில்லை என்று சொல்ல நினைத்து
மென்றுகொண்டிருந்தேன்.

பிறகு தகட்டைச் சூடாக்கி எல்லாவற்றையும் பறக்கவிட்டோம்.
"மறுபடி போடு. மெல்லிசாக.
அடியில் தங்கம் தெரிகிற அளவுக்கு."

தங்கத்தின் விளிம்பு பூஜ்யத்தில் நின்றது, செங்குத்தாய்.
ஒளியைக் கூட்டினாள். குறைத்தாள். கூட்டினாள்.
குப்பைத்தொட்டி எதன்மீதோ மோதி ஓய்ந்தது.