சாக்கு எடை போக

பத்து மாதம் வயிற்றில்.
இன்னொரு பத்து மாதம் காலிக் கட்டத்தில்.
சான்றிதழில் தேதி இருக்கிறது, என் பெயர் இருக்கிறது,
அவர் பெயரில் மட்டும் ஒரு கால் விட்டுப்போய்
வேலாயுதம் வேலயுதமாக நொண்டுகிறது.
குழந்தையின் பெயர் என்ற இடத்தில்
ஒரு சின்னக் கோடு.

நாத்தனார் பட்டியல் அனுப்பியிருந்தாள்.
யாருமே வைக்காத பெயர்களாம்:
தன்விகா, ஹன்விகா, ஷன்விகா.
எமரால்டு பால்வாடியில் எட்டிப் பார்த்தேன்.
மூன்று பேரும் ஒரே பாயில்
மூக்கொழுக உட்கார்ந்திருந்தார்கள்.

என் மனசில் இருந்ததை
விளக்கணைத்த பிறகுதான் அவரிடம் சொன்னேன்.
வெகுநேரம் சத்தமே இல்லை.
பிறகு, "அது ஊர்ப் பேராச்சே."
"பழனி என்ன, காசி என்ன,
உங்க சித்தப்பா திருப்பதி என்ன?"
"அங்கெல்லாம் சாமி இருக்கு."
"இங்கே அணை இருக்கு."
இருட்டில் சிரித்தார். சரியென்று சொல்லவில்லை.

அவர் மழை அளக்கிறவர்.
மூன்று மணிக்கு ஒருதரம் போய்
குடுவையைப் பார்த்து, கவிழ்த்து, எழுதிவிட்டு வருவார்.
அந்த ஆடியில் குடுவை அவருக்காகக் காத்திருக்கவில்லை.
மணிக்கு ஒருதரம், அரை மணிக்கு ஒருதரம்,
கடைசியில் யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்து
அங்கேயே நின்றுவிட்டார்.
குந்தா ரோடு நாலு இடத்தில் இறங்கியிருந்தது.
ஆம்புலன்ஸ் டிரைவர் போனில்,
"அக்கா, விடியற வரைக்கும் பொறுத்துக்குங்க" என்றான்.
யாரைப் பொறுக்கச் சொல்கிறான்?

மாதிதான் பிடித்தெடுத்தாள்.
"எருமைக்குப் பார்த்த கைதான், பரவாயில்லையா?"
கேட்டுவிட்டுத்தான் தொட்டாள்.
பிறகு கேரட் நிறுக்கும் கொக்கித் தராசில்
சாக்கைத் தூளியாகக் கட்டித் தொங்கவிட்டாள்.
மூணு கிலோ.
சாக்கு எடை போக எவ்வளவு என்று
இன்றுவரை தெரியாது.

விடிகாலையில் அவர் வந்தார்.
விரலெல்லாம் ஊறி வெளுத்து,
வாசற்படியில் நின்றபடியே ஒரு எண்ணைச் சொன்னார்,
மில்லிமீட்டரில்.
ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை.
"மூணு கிலோ" என்றேன் நான்.
கணக்கு நேரானவர்கள் மாதிரி
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

காரமடையிலிருந்து மாமியார்:
"பேரிலேயே அவலம் இருக்கு, எழுத்தெழுத்தா எழுதிப் பாரு."
பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
அவல் இருந்தது. வெல்லம் போட்டு நனைத்தால் நல்லது.
ஒரு காலை மடக்கினால் அஞ்சி இருந்தான்,
பள்ளிக்கூடத்தில் படித்த ஏதோ ஒரு மன்னன்.
அவலத்துக்கு ஒரு 'ம்' வேண்டும்.
தேடினேன், அது இல்லை.

உதகையில் மேசைக்கு அந்தப் பக்கம் பெள்ளி,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"வெள்ளைக்காரன் வெச்ச பேரும்மா இது.
அர்த்தம் தெரியுமா? மலை சரியறது."

தெரியும்.
சரிந்த ராத்திரி அதன் கீழேதான் படுத்திருந்தேன்.
அதைச் சொல்லவில்லை. இதைச் சொன்னேன்:
"அவன் சொன்னது வேற சார்.
நம்ம வாயில உருண்டு உருண்டு
முனையெல்லாம் போயிருச்சு.
நீங்களே ஒருதரம் சொல்லிப் பாருங்க."

"அவலாஞ்சி" என்றார்,
வாய்க்குள் மிட்டாயைப் புரட்டுகிறவர் மாதிரி.
என் இடுப்பிலிருந்தவள் சட்டென்று திரும்பினாள்.
பெயருக்குத் திரும்பினாளா,
ஜன்னலில் வந்து குந்திய குரங்குக்கா,
சொல்ல முடியாது.

பேனா தாளில் இறங்கியது.
அதுவரை சுவர்க் காலண்டரையே
படித்துக்கொண்டிருந்தவர்
மேசைமேல் குனிந்தார்.
"லா-வுக்குக் கால் சார்.
என் பேர்ல விட்ட மாதிரி விட்டுராதீங்க."