வலப்பக்கம் ஒட்டி

மீனவர் சங்கத்துக் கணினியில்
தொகை என்ற பெட்டிக்குள்
எண்கள் இடப்பக்கச் சுவரில் சாய்ந்து நின்றன
இரண்டு வருடமாக.
நிறுத்தி வைத்தவன் நான்.
நடுவில் கமா வேண்டும் என்றார் அன்றைய செயலாளர்.
என்ன வகை என்று கேட்ட இடத்தில்
'எழுத்து' என்று கொடுத்துவிட்டு
முதுநகர் ஸ்டேஷனுக்கு ஓடினேன்,
சாயங்கால பாசஞ்சருக்கு.

போன செவ்வாய் விருத்தாம்பாள் கூப்பிட்டார்.
கோபம் ஏற ஏற அவருக்குச் சார் கூடும்.
"சார், வந்து பாருங்க சார்,
அஞ்சலாட்சி காலையிலேருந்து
இங்கயே உக்காந்திருக்குது சார்."

ஐஸ் லாரி தெருவை மறித்திருந்தது.
மீன் கழுவிய தண்ணீரில் செருப்பைத் தோய்த்து
உப்பனாற்றுப் பக்கமாகச் சுற்றிப் போனேன்.

மேசையில் அச்செடுத்த பட்டியல். கடன் பாக்கி.
எழுமலை 6,200
அஞ்சலாட்சி 48,000
தவமணி 5,150
தலைகள் ஒரே கோட்டில்.
வால்கள் முன்னே பின்னே.
வாலை யார் பார்க்கிறார்கள்?

அவள் பிளாஸ்டிக் உறையிலிருந்து
ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்,
ஜெயிக்கப்போவது தெரிந்து சீட்டு இறக்குகிறவளின்
அவசரமின்மையோடு.
"நாலாயிரத்து எண்ணூறு.
அந்த ஒத்த சைபரை எந்தக் கடையில வாங்கினீங்க?"

விருத்தாம்பாள் என்னைப் பார்த்தார்.
நான் திரையைப் பார்த்தேன்.
திரைக்குப் பார்க்க யாருமில்லை.

பெரிய தொகை மேலே வரட்டும் என்று வரிசைப்படுத்தினேன்.
950 முதலில் வந்து உட்கார்ந்தது.
1,20,000 கடைசியில், வாசல் பக்கம்.
புரிந்தது.
பணத்தைப் பெயர் மாதிரி நடத்தியிருக்கிறேன்,
முதலெழுத்தைப் பார்த்து மரியாதை.

வகையை மாற்றினேன்: நாணயம்.
சீரமைப்பு: வலம்.
அவ்வளவுதான், மூன்று சொடுக்கு.
ஆயிரத்துச் சொச்சம் வரிகளும் எழுந்து
எதிர்ச் சுவருக்கு நடந்தன.
பத்தின் கீழ் பத்து,
நூறின் கீழ் நூறு,
பைசாவின் கீழ் பைசா.
அந்தப் பக்கத்தில் 48,000 மட்டும்
கட்டிய படகுகளில் ஒன்று
அணியம் துருத்தி நிற்பது போல
இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த பக்கங்களில் இன்னும் இரண்டு.
ஒன்று, சோனங்குப்பத்துக்காரர்.
யாரையும் கேட்காமல்
பதினோரு மாதமாகக் கட்டிக்கொண்டு வருகிறார்.

அறையில் மின்விசிறி மட்டும் பேசியது.

விருத்தாம்பாள் திருத்தத் தொடங்கினார்.
4 அடித்தார், வலது ஓரத்தில் நின்றது.
8 வந்தது, 4 நகர்ந்தது.
சைபர் வந்தது, இரண்டும் நகர்ந்தன.
இன்னொரு சைபர்.
பின்னால் வருகிற ஒவ்வொருவருக்கும்
ஓரடி ஒதுங்கிக் கொடுத்தே
அந்த நாலு நாலாயிரமானது.
இன்னொரு முறை அழுத்தாமல்
விரலைத் தூக்கிப் பிடித்திருந்தார்,
சூடு பட்டது போல.

பெட்டியை விட்டு வெளியே வந்ததும்
கமா தானாக விழுந்தது. ஒரு புள்ளி. இரண்டு சைபர்.
அஞ்சலாட்சி எழுந்துவிட்டாள்.
"மறுபடியும் சைபரா?"
"அது புள்ளிக்கு அந்தாண்டம்மா. ஒண்ணும் செய்யாது."
"ஒண்ணும் செய்யாததுக்கு அங்க என்ன வேலை?"

பதில் இருக்கிறது. சொல்லவில்லை.

பெயரையும் போன் நம்பரையும் படகுப் பதிவெண்ணையும்
இடப்பக்கமே விட்டுவிட்டேன்.
அவற்றைக் கூட்டிப் பார்க்க யாருக்கும் அவசியமில்லை.

வருகைக்கு முந்நூறு ரூபாய் என்று
ரசீது எழுதப் பேனாவை எடுத்தேன்.
விருத்தாம்பாள் பேரேட்டைத் திறந்து
வலப்பக்கச் சிவப்புக் கோட்டை ஒட்டி
விரலை வைத்துக் காத்திருந்தார்.
பேனாவை மூடினேன்.

"சோனங்குப்பத்துக்கு யார் போய்ச் சொல்றது சார்?"

படகில் போனால் பத்து நிமிடம்.
ஸ்டேஷன் பக்கம் ஹாரன் கேட்டது.
போகட்டும் என்று
பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.