இடது பெருவிரல்

மொனிவாவில் இந்தக் கிட்டங்கிக்குக்
கூரை பாதிதான் மிச்சம்.
பாக்கி வழியே இரவெல்லாம் பனி இறங்குகிறது
எங்கள் செக்ஷன் பதினொரு பேர் மேலும்
எந்தச் செட்டியாரோ விட்டுப்போன
இரும்புப் பெட்டி மேலும்.
பெட்டி திறந்தே கிடந்தது.
ஜப்பான்காரன் திறந்தானோ, அவனுக்கு முந்தி எவனோ.
பணம் இல்லை.
கடுதாசி, கட்டுக்கட்டாக.

நாயக் ஜெபமாலை எழுத்துக்கூட்டிப் படித்தார்:
புரோநோட்டு. வட்டி மாதம் ஒன்றரை.
எள் விளைந்ததும் தருவதாக
மவுங் இன்னார், மா இன்னார்.
எனக்கு எழுத்து வராது.
ஒவ்வொரு தாளின் அடியிலும் இருந்த
கறுப்பு வட்டம் மட்டும் புரிந்தது.

அன்று மத்தியானம்தான் தபால் வந்திருந்தது.
பூங்காவனம் சொல்ல,
போஸ்ட்மாஸ்டர் எழுத,
சென்சார் துரை நடுவில் மை பூச,
ஜெபமாலை படிக்க,
கடைசியில் என் காதுக்கு வந்தது இது:
'பிராணநாதர் அவர்களுக்கு அநேக நமஸ்காரம்.
இவ்விடம் யாவரும் க்ஷேமம்.'

சிரித்துவிட்டேன்.
நமஸ்காரமாம்.
'யோவ்' என்பாள் என்னை.
கோபம் என்றால் அதுவும் கிடையாது,
சொம்பை நங்கென்று வைப்பாள்,
போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான்.

இத்தனை கை மாறி வந்ததில்
அவளே தொட்ட இடம் ஒன்றுதான்.
அடியில், இடது பெருவிரல்.

என் விரலை அதன்மேல் வைத்தேன்.
மூடிப்போயிற்று.
எடுத்து விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன்.
சுழிக்கு நடுவே குறுக்காக
ஒரு வெள்ளைக் கோடு.
போன கடிதத்தை எடுத்து ஒத்துப் பார்த்தேன்,
அதில் இல்லை.

அரிவாள்தான். ஆழமாக இறங்கி ஆறிய வெட்டு.
யார் வயலில் அறுத்தாள்?
மாதம் பன்னிரண்டு ரூபாய் போகிறதே, போதவில்லையா?
துணி சுற்றிக் கட்டியது யார்?
ஒரு கையால் எத்தனை நாள் தண்ணீர் இறைத்தாள்?
யாவரும் க்ஷேமம்.

கண்ணி எடுக்கிறவன் நான்.
பயனெட்டைச் சாய்த்துக் குத்திக் குத்தி,
முனை எதிலாவது முட்டினால்
மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலால் மண் தள்ளுவேன்.
என் படிப்பு முழுக்க விரல் நுனியில்தான்.
இன்று அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

விறகெல்லாம் ஈரம்.
ராயப்பன் நோட்டுக் கட்டு ஒன்றைப் பிரித்து
டீக்குத் தீ மூட்டினான்.
'கடன் ஒழிஞ்சது, அவனுங்களுக்குப் புண்ணியம்' என்றான்.
தாள் ஒவ்வொன்றும் சுருண்டபோது
விரலெல்லாம் மடங்கின மாதிரி இருந்தது.
ஒன்று சின்னது. பொம்பளை விரல்.
சுட்டாலும் இழுத்துவிட்டேன்.

இழுத்தபின் குழப்பம்.
வைத்திருந்தால் அவள் கடன் என் பையில்.
போட்டால் அவள் விரல் நெருப்பில்.
எள் விளைந்ததோ, நேற்று நாங்கள் கடந்த
கரிந்த வீடுகளில் ஒன்றுதான் அவளுடையதோ.
ரேகையை மட்டும் கிழித்துக்கொண்டு
மீதியைத் தீயில் போட்டேன்.
அந்தத் துண்டை என்ன செய்ய?
பூங்காவனத்தின் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.
ராயப்பன் பார்த்தான், கேட்கவில்லை.

பதில் எழுத உட்கார்ந்தார் ஜெபமாலை.
ஊர்ப் பேர் கூடாது, ஆற்றின் பேர் கூடாது,
பாலம் என்ற சொல்லே கூடாது.
'விரல்ல என்னன்னு கேளுங்கண்ணே' என்றேன்.
'தங்கள் கரத்தில் யாதொரு காயமோ' என்று தொடங்கினார்.
'அப்படி இல்ல.
கையில என்னாடி. அவ்வளவுதான்.'
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
அடித்துவிட்டு அதையே எழுதினார்.

மை தீர்ந்திருந்தது.
அடுப்புச் சாம்பலை எச்சிலில் குழைத்து
நானும் வைத்தேன் என் இடது பெருவிரலை.
விடிந்ததும் ஆற்றுக்கு இறங்குகிறோம்.
பதில் வர இரண்டு மாதம்.

ரொம்ப அழுத்திவிட்டேன் போல.
வெறும் கறுப்பாக விழுந்திருக்கிறது, சுழி தெரியவில்லை.
இன்னொரு தரம் வைக்கத்
தாளில் இடமில்லை.