மூன்றரை நாள்

போர்த்தோவில் நான்கு நாள் என்று
தாளின் தலையில் எழுதியிருக்கிறான் வித்தோல்த்.
மூன்றரை என்பதே தாராளம்.
போய் இறங்குவது வியாழன் மாலை ஆறரைக்கு.
திங்கள் விடிவதற்கு முன்னால், ஊர் தூங்கும்போது,
கல் பாவிய தெருவில் பெட்டியைக் கடகடவென்று இழுத்துப்போக வேண்டும்.
அவன் பேனா இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை.

வெள்ளி: ஏழு இடங்கள்.
சனி: ஒன்பது.
ஞாயிறுக்குத் தாள் போதாமல்
ஓரத்தில் தொற்றிக்கொண்டு நிற்கிறது ஒரு மடாலயம்.

நான் வ்ரோத்ஸ்வாவ் நகர டிராம்களுக்கு
நேரம் குறித்துக் கொடுக்கிறவள்.
பதினெட்டு வருடமாக.
குழந்தை வண்டியோடு ஒருத்தி ஏற எத்தனை விநாடி,
மழையென்றால் எத்தனை,
டிக்கெட் இயந்திரம் சில்லறையைத் துப்பிவிட்டால் எத்தனை,
தெரியும் எனக்கு.

'பத்தே நிமிஷ நடைதான்' என்கிறான்.
போர்த்தோவில் பத்து நிமிஷம் என்பது
செங்குத்தாக நிற்கிற பத்து நிமிஷம்.
உன் வலது முழங்காலுக்கு அது இருபத்தைந்து.
முழங்காலை ஒரு வார்த்தை கேட்டாயா?
மேசைக்கு அடியில் அது
பேசாமல் மடங்கிக் கிடக்கிறது.

சிவப்புப் பென்சிலைச் சீவினேன்.
வரிசையில் நின்றால்தான் உள்ளே விடும் புத்தகக் கடை போயிற்று.
மணிக்கோபுரம் போயிற்று.
சந்தை இரண்டில் ஒன்று போயிற்று.
'அவ்வளவு தூரம் போய்ப் பார்க்காமல் வருவதா?'
பார்த்தோம் என்று யாரிடம் சொல்லப் போகிறோம்?
'உன் தங்கையிடம்' என்றான் உடனே.
சிரித்துவிட்டேன். ஆனாலும் அடித்தது அடித்ததுதான்.

பிறகு நான் எழுதினேன்.
எட்டு முதல் ஒன்பதே கால்: வித்தோல்த் குளியலறையில்.
ஒன்பதே கால்: அறைச் சாவியைத் தேடுதல்.
ஒன்றரை: பசி.
இரண்டே கால் வரை: பசியை ஒப்புக்கொள்ளாமல் இருத்தல்.
சனிக்கிழமை மூன்று மணி: சண்டை. நாற்பது நிமிடம்.

'சண்டையுமா?'

பிராகை மறந்துவிட்டாயா.
இரண்டு நாளில் பதினோரு தேவாலயம்.
இன்று என்னிடம் மிஞ்சியிருப்பது
ஏதோ ஒன்றின் வாசலில்
குடையை நீ அறைந்து மடக்கியது மட்டும்.
திரும்பும் ரயிலில் ஒரு பேச்சு இல்லை.
எல்லை தாண்டியபின் ஒரு சாண்ட்விச்சைப் பிய்த்து
பாதியை என் பக்கம் நகர்த்தினாய்.
ஜன்னலைப் பார்த்தபடியே தின்றேன்.

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.
'அப்போ சமாதானத்துக்கு எவ்வளவு?'
அதற்கு என்னிடம் கணக்கு இல்லை.
அதனால் சனிக்கிழமை மூன்றே முக்காலுக்குப் பிறகு
ஒன்றும் எழுதவில்லை.
ஆறு இருக்கும். இரும்புப் பாலம் இருக்கும்.
மீன் சுடும் புகை எங்கிருந்தாவது வரும்.

'மணிக்கோபுரம் மட்டும்...' என்று இழுத்தான்.
நாளெல்லாம் நிலவறையில் விளக்கடியில் குனிந்து
முகம் தெரியாதவர்களுக்குப் பல் செய்கிறவன்.
எந்த ஊருக்குப் போனாலும் முதலில்
எது உயரம் என்றுதான் கேட்பான்.
இருநூற்றுச் சொச்சம் படிகள்.
ஞாயிறு காலையில் எழுதினேன்.
அதற்குப் பின்னால் மூன்று மணி நேரத்தை வெற்றாக விட்டேன்,
முழங்காலின் பெயரில்.
அவன் கெண்டியை அடுப்பில் வைக்கத் திரும்பியபோது
ஓரத்து மடாலயத்தை அடித்தேன்.
அது நான் கேட்ட இடம்.

வெளியே பிஸ்குபின் கடைசி நிறுத்தம்.
டிராம் வளைந்து வந்து நிற்கிறது, கூரையில் பனியோடு.
ஓட்டுநர் இறங்கி வேலியோரம் நின்று
டப்பாவிலிருந்து எதையோ தின்கிறார்.
ஏழு நிமிடம்.
அட்டவணையில் அதற்குப் பெயர் கிடையாது.
வருகை ஒரு எண், புறப்பாடு ஒரு எண்,
அவ்வளவுதான் கம்பத்தில் ஒட்டியிருக்கும்.
நடுவில் அந்த ஏழை வாங்க
மேலதிகாரியோடு நான் இரண்டு குளிர்காலம் மல்லுக்கட்டினேன்.

'திங்கட்கிழமை டாக்ஸி மூன்றுக்கா, மூன்றே காலுக்கா?'
சமையலறையிலிருந்து கேட்கிறான்.

இரண்டே முக்காலுக்கு, என்றேன்.